விடுபட்ட ஓர் உம்மை: ஐ.நா.வின் 242ஆம் தீர்மானத்துக்கு ஒரு விளக்கவுரை

‘நீதியான, நிலையான அமைதி’ என்ற தொடர் இன்று வெளியுறவு அமைச்சர்களின் அறிக்கைகளில் அன்றாடம் வருகிறது. 2023 பிப்ரவரியில் உக்ரைன் குறித்து ஐ.நா. பொதுச்சபை 141 வாக்குகளால் நிறைவேற்றிய தீர்மானமும் அதைத்தான் கேட்டது. பாலஸ்தீனம் குறித்த தீர்மானங்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாக அதையே கேட்டுவருகின்றன. அமைதி என்ற சொல்லுக்கு முன்னால் ‘நீதியான’ என்ற அடைமொழி எதற்கு? சண்டை நின்றால் போதாதா? வென்றவர் வைத்ததே சட்டம் என்று தோற்றவர் வாய்மூடிக் கிடக்கும்போதும் சண்டை நின்றுதான் இருக்கிறது. அதை அமைதி என்று ஏற்க மாட்டோம் என்பதற்காகவே அந்த அடைமொழி வந்தது.

அதன் பொருளை அறிய ஒரு மூலப்பாடத்தைச் சொல் சொல்லாகப் படிப்பது நல்லது. நான் எடுத்துக்கொண்டது பாதுகாப்புச் சபையின் 242ஆம் தீர்மானம். 1967 நவம்பர் 22 அன்று நிறைவேறியது. அச்சிட்டால் ஒரு பக்கத்தைத் தாண்டாது. அதற்குப் பின் மேற்காசியாவில் நடந்த எல்லாப் பேச்சுவார்த்தைகளும் இந்த ஒரு பக்கத்தை மேசைமேல் வைத்துக்கொண்டுதான் நடந்தன. கீழே வரும் தமிழாக்கம் என்னுடையது.

பாடம் பிறந்த சூழல்

1967 ஜூன் 5 அன்று தொடங்கிய போர் ஆறே நாளில் முடிந்தது. அதற்குள் இஸ்ரேல் எகிப்தின் சினாய் தீபகற்பத்தையும், எகிப்தின் நிர்வாகத்தில் இருந்த காசாவையும், ஜோர்டானிடம் இருந்த மேற்குக் கரையையும் கிழக்கு ஜெருசலேமையும், சிரியாவின் கோலான் குன்றுகளையும் கைப்பற்றிவிட்டது. போர் நிறுத்தம் வந்தது; அடுத்து என்ன என்பதில் ஐந்து மாதம் இழுபறி நீடித்தது. அமெரிக்கா ஒரு வரைவு வைத்தது; சோவியத் ஒன்றியம் ஒன்று வைத்தது; இந்தியா, மாலி, நைஜீரியா மூன்றும் சேர்ந்து ஒன்று வைத்தன. கடைசியில் பிரிட்டனின் தூதர் கேரடன் பிரபு முன்வைத்த வரைவு 15 உறுப்பினர்களின் வாக்கையும் பெற்றது.

அன்று சபையில் இந்தியாவின் இருக்கையில் இருந்தவர் ஜி. பார்த்தசாரதி. சென்னையில் ‘தி ஹிந்து’ நாளிதழில் பணியாற்றி, பிறகு தூதரகப் பணிக்கு வந்தவர். 1983க்குப் பிறகு இந்திரா காந்தியின் தூதராகக் கொழும்புக்குப் போய்வந்தவர் என்ற வகையில் தமிழர்கள் நன்கறிந்த பெயர். இந்தப் பாடத்தின் மிகச் சிக்கலான வரிக்கு வாக்கெடுப்புக்கு முன்பே சபையில் பொருள் சொல்லி வைத்தவர் அவர். அந்த இடம் வரும்போது அதைப் பார்ப்போம்.

1. தோற்றுவாய்

*மூலம்: மத்திய கிழக்கின் கடுமையான நிலைமை குறித்துத் தன் தொடர்ந்த கவலையைப் பாதுகாப்புச் சபை தெரிவிக்கிறது.*

ஐ.நா. தீர்மானங்களுக்கு இது மரபான தொடக்கம். இங்கே நிற்க வேண்டியதில்லை. அடுத்த வரியில் நிற்க வேண்டும்.

2. விதி

*மூலம்: போரினால் நிலத்தை அடைவது ஏற்கத்தகாதது என்பதையும், அப்பகுதியின் ஒவ்வொரு நாடும் பாதுகாப்பாக வாழக்கூடிய நீதியான, நிலையான அமைதிக்காக உழைக்க வேண்டும் என்பதையும் வலியுறுத்துகிறது.*

இந்தப் பாடத்தின் தலைவரி இது. ‘போரினால்’ என்று பொதுவாகச் சொன்னதைக் கவனிக்க வேண்டும். ‘ஆக்கிரமிப்புப் போரினால்’ என்று சொல்லவில்லை. யார் முதலில் சுட்டார், யார் தற்காப்புக்காக இறங்கினார் என்ற வழக்கு 1967 போரைப் பொறுத்தவரை இன்றும் ஓயவில்லை. அந்த வழக்குக்குள்ளேயே இந்த வரி நுழையவில்லை. தற்காப்புக்காகவே ஒரு நாடு ஆயுதம் எடுத்தது என்று வைத்துக்கொண்டாலும், எதிரியைத் தடுக்கும் உரிமை அதற்கு உண்டு; தடுத்து முடித்தபின் அந்த மண்ணைத் தன் பெயருக்கு எழுதிக்கொள்ளும் உரிமை கிடையாது. விதியின் கருத்து இதுதான்.

இது 1967இல் திடீரென்று முளைத்த விதியும் அன்று. வாளால் வென்ற நாடு வென்றவனுக்கே என்பதுதான் உலகில் நெடுங்காலம் வழக்காக இருந்தது. 1928ஆம் ஆண்டின் பாரிஸ் ஒப்பந்தத்தில் நாடுகள் போரை அரசுக் கொள்கையின் கருவியாகக் கொள்வதைக் கைவிடுவதாக ஒப்புக்கொண்டன. ஜப்பான் மஞ்சூரியாவைக் கைப்பற்றியபோது, 1932இல் அமெரிக்க வெளியுறவுச் செயலர் ஸ்டிம்சன், பலத்தால் உண்டாக்கிய மாற்றத்தை ஏற்க முடியாது என்று அறிவித்தார். 1945இல் ஐ.நா. சாசனம் அதைச் சட்டமாக்கியது. 242 அந்தச் சட்டத்தை ஒரு குறிப்பிட்ட நிலத்தின் மேல் வைத்துச் சொன்னது.

இந்த வரியின் பயன் மேற்காசியாவோடு முடியவில்லை. 1990 ஆகஸ்டில் குவைத்தை ஈராக் தன்னுடன் இணைத்துக்கொண்டபோது, அந்த இணைப்புக்குச் சட்ட மதிப்பே இல்லை என்று பாதுகாப்புச் சபை 662ஆம் தீர்மானத்தில் அறிவித்தது. 1981 டிசம்பரில் கோலானுக்கு இஸ்ரேல் தன் சட்டத்தை நீட்டியபோது 497ஆம் தீர்மானம் அதையே சொன்னது. 2022இல் உக்ரைனின் நான்கு பகுதிகளை ரஷ்யா இணைத்துக்கொண்டபோது பொதுச்சபையில் 143 நாடுகள் அதை ஏற்க மறுத்தன. இடமும் நாடும் வேறு; விதி ஒன்று.

எனவே இந்த வரியை வேண்டும்போது எடுத்து வேண்டாதபோது மடித்து வைக்க முடியாது. 2019 மார்ச்சில் அமெரிக்கா கோலான் மீது இஸ்ரேலின் இறையாண்மையை அங்கீகரித்தது. கோலானில் தளர்த்திய விதியை உக்ரைனில் இறுக்கிப் பிடிக்க முனைந்தால் எதிர்ப்பவர் கேட்கத்தான் செய்வார். உக்ரைனில் மௌனமாக இருந்துவிட்டு மேற்குக் கரைக்கு மட்டும் குரல் கொடுத்தாலும் அதே கேள்வி வரும். விதியைக் காப்பாற்ற ஒரே வழி, நம் நண்பர் மீறும்போதும் அதைச் சொல்வதுதான்.

வரியின் பின்பாதி, ஒவ்வொரு நாடும் பாதுகாப்பாக வாழும் அமைதியைச் சொல்கிறது. 1948 முதல் தன் இருப்பையே அண்டை நாடுகள் ஏற்காத நிலையில் வாழ்ந்த இஸ்ரேலின் அச்சத்துக்கு இது விடை. முன்பாதி நிலம் பறிபோனவருக்கு. பின்பாதி நிம்மதி பறிபோனவருக்கு. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கட்டியதில் இந்தப் பாடத்தின் நேர்மை தெரிகிறது.

3. கடமை

*மூலம்: சாசனத்தை ஏற்றுக்கொண்டதன் மூலம், அதன் 2ஆம் உறுப்பின்படி நடப்பதாக உறுப்பு நாடுகள் எல்லாம் உறுதியளித்திருக்கின்றன என்பதையும் வலியுறுத்துகிறது.*

2ஆம் உறுப்பு சாசனத்தின் அடித்தளம். தகராறுகளை அமைதி வழியில் தீர்க்க வேண்டும். மற்றொரு நாட்டின் நில ஒருமைப்பாட்டுக்கோ அரசியல் சுதந்திரத்துக்கோ எதிராகப் பலத்தைப் பயன்படுத்தவோ, பயன்படுத்துவதாக மிரட்டவோ கூடாது என்று அது கட்டளையிடுகிறது. ‘உறுதியளித்திருக்கின்றன’ என்ற சொல் முக்கியமானது. சபை இங்கே புதிதாக எதையும் சுமத்தவில்லை. நீங்களே கையெழுத்திட்டுக் கொடுத்த வாக்கைத்தான் நினைவூட்டுகிறேன் என்கிறது. பன்னாட்டுச் சட்டத்தின் பேரால் எழும் அழைப்புகள் எல்லாவற்றுக்கும் பலம் தருவது இதுதான். தயவு கேட்கும் குரல் வேறு. கொடுத்த வாக்கைக் கேட்கும் குரல் வேறு.

4. இரண்டும்

*மூலம்: சாசனத்தின் நெறிகள் நிறைவேற, மத்திய கிழக்கில் நீதியான, நிலையான அமைதி நிலைநாட்டப்பட வேண்டும், அதில் பின்வரும் நெறிகள் இரண்டும் இடம்பெற வேண்டும்.*

‘இரண்டும்’ என்பதில் உள்ள ‘உம்’ முற்றும்மை. எண்ணிய பொருளில் ஒன்றும் விடுபடாது என்று காட்டுவது. நம் பழைய உரையாசிரியர்கள் ஓர் உம்மைக்காக நின்று விளக்கம் எழுதியவர்கள்; இந்த இடத்தில் அவர்களும் நின்றிருப்பார்கள். ஒன்று, படை விலகல். மற்றொன்று, பகை நீக்கமும் அங்கீகாரமும். முதலில் நீ அங்கீகரி, பிறகு நான் விலகுகிறேன் என்று ஒரு தரப்பும், முதலில் நீ விலகு, பிறகு நான் அங்கீகரிக்கிறேன் என்று மறு தரப்பும் பல ஆண்டுகள் வாதாடின. பாடம் எதையும் முன், பின் என்று வைக்கவில்லை. ஒன்றை நிறைவேற்றாமல் மற்றதை மட்டும் எவரும் உரிமையாகக் கேட்க முடியாது.

5. விலகல்

*மூலம்: அண்மை மோதலில் கைப்பற்றிய பகுதிகளிலிருந்து இஸ்ரேலியப் படைகள் விலகுதல்.*

இந்தப் பாடத்தில் மிக அதிகமாக விவாதிக்கப்பட்ட வரி இது. ‘அண்மை மோதல்’ என்பதில் ஐயமில்லை. அது 1967 ஜூன் போர். ஐயம் ‘பகுதிகளிலிருந்து’ என்பதில் வந்தது. ஆங்கிலத்தில் ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன் ‘தி’ என்ற சிறுசொல் நின்றால் குறித்த அந்தத் தொகுதி முழுவதையும் சுட்டும். இந்த வரியில் அது இல்லை. ‘எல்லா’ என்ற சொல்லும் இல்லை. தமிழில் சொன்னால், ‘பகுதிகள் அனைத்திலிருந்தும்’ என்று முற்றும்மை கொடுத்து எழுதாமல் ‘பகுதிகளிலிருந்து’ என்று நிறுத்திவிட்டார்கள். நான்காம் பகுதியில் ‘இரண்டும்’ என்று கவனமாக இட்ட உம்மை இங்கே காணோம்.

இது கைதவறி விட்டதன்று. வரைவுகள் மோதிய மாதங்களில் தெரிந்தே விடப்பட்டது. ‘எல்லா’ என்று எழுதியிருந்தால் அமெரிக்காவும் இஸ்ரேலும் ஏற்றிருக்க மாட்டா. ‘சில’ என்று எழுதியிருந்தால் அரபு நாடுகள் ஏற்றிருக்க மாட்டா. எதையும் எழுதாமல் விட்டதால் 15 கைகள் உயர்ந்தன.

ஆனால் அந்த நாளிலேயே பொருள் கேட்கப்பட்டது. வாக்கெடுப்புக்கு முன் பேசிய பார்த்தசாரதி, இந்தத் தீர்மானம் நிறைவேறினால் ஜூன் 5 அன்று தொடங்கிய மோதலில் கைப்பற்றிய எல்லாப் பகுதிகளிலிருந்தும் முழுமையாக விலக வேண்டும் என்ற நெறிக்குச் சபை கட்டுப்படுகிறது என்பதே இந்தியாவின் புரிதல் என்றார். ‘எல்லாப் பகுதிகளிலிருந்தும்’ என்பதை மறுபடியும் ஒருமுறை சொல்லிப் பதிவுசெய்தார். பிரான்சும் சோவியத் ஒன்றியமும் அதே பொருளில்தான் புரிந்துகொண்டன. பிரெஞ்சுப் பாடத்தில் உள்ள ‘தே தெரித்வார்’ என்ற தொடருக்கு அந்த மொழியின் இயல்பில் ‘அந்தப் பகுதிகளிலிருந்து’ என்பதே நேர்பொருள். இந்தத் தீர்மானத்துக்கு அரபுப் பாடத்தின் சான்றைத் தேட வழியில்லை. 1967இல் அரபு ஐ.நா.வின் அலுவல் மொழியாக இல்லை. 1973இல்தான் அந்த இடத்தைப் பெற்றது. எந்த மக்களின் நிலம் பேசப்பட்டதோ அவர்களின் மொழியில் அந்த வரி எழுதப்படவில்லை.

இஸ்ரேல் தரப்பின் வாதத்தையும் முழுதாகச் சொல்லியாக வேண்டும். 1949இல் வரைந்த கோடு போர்நிறுத்தக் கோடுதான். அரசியல் எல்லை அன்று என்று அந்த உடன்படிக்கைகளே சொல்கின்றன. ஆகவே புதிய எல்லையைப் பேசித் தீர்க்கவே சொல் நெகிழ்வாக விடப்பட்டது என்பது ஒரு வாதம். கைப்பற்றிய நிலத்தில் மிகப் பெரும் பரப்பு சினாய். அதை எகிப்துக்குத் திருப்பிக் கொடுத்தாயிற்று, வரி நிறைவேறிவிட்டது என்பது இன்னொரு வாதம்.

முதல் வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. படைகள் நின்ற இடத்தில் வரைந்த கோடு ஊருக்கும் அதன் வயலுக்கும் நடுவே போன இடங்கள் உண்டு. அவற்றை இரு தரப்பும் பேசித் திருத்தலாம். அந்தத் திருத்தம் எவ்வளவு என்பதை அமெரிக்கர் ஒருவரே அளந்து சொல்லிவிட்டார். மாற்றம் இருந்தால் அது சிறு திருத்தமாக இருக்க வேண்டும், வெற்றியின் பாரம் எல்லைக் கோட்டில் ஏறக்கூடாது என்று 1969 டிசம்பரில் வெளியுறவுச் செயலர் வில்லியம் ரோஜர்ஸ் பேசினார். இரண்டாம் வாதம் நிற்காது. ஓர் ஊராரின் நிலத்தை இன்னோர் ஊராருக்குத் திருப்பிக் கொடுத்ததை வைத்துக் கணக்கு நேர் செய்ய முடியாது. சினாய் எகிப்தியருடையது, மேற்குக் கரையின் ஹெப்ரோனில் வாழ்கிறவருக்கு அதனால் ஒரு சாண் நிலமும் திரும்பவில்லை.

பாடத்தில் ஒரு சொல் ஐயத்தைக் கிளப்பினால் அதே பாடத்தின் தலைவரியைக் கொண்டு அதைத் தீர்ப்பது உரைநெறி. இங்கே தலைவரி, போரினால் நிலத்தை அடைவது ஏற்கத்தகாதது என்கிறது. கைப்பற்றியதில் ஒரு பகுதியை வைத்துக்கொள்ளலாம் என்று ஐந்தாம் வரிக்குப் பொருள் கொண்டால், தலைவரிக்குப் பொருளே இல்லாமல் போகிறது. எனவே விடுபட்ட உம்மையைத் தலைவரியிலிருந்து வருவித்துக்கொள்ள வேண்டும். என் தீர்ப்பு இது.

விடுபட்டதற்குக் கொடுத்த விலை என்ன? அந்த இடைவெளியில் குடியேற்றங்கள் எழுந்தன. மேற்குக் கரையிலும் கிழக்கு ஜெருசலேமிலும் இன்று சுமார் 7 லட்சம் இஸ்ரேலியக் குடியேறிகள் வாழ்கிறார்கள். அக்குடியேற்றங்களுக்குச் சட்ட மதிப்பு இல்லை என்று 2016 டிசம்பரில் 2334ஆம் தீர்மானம் சொன்னபோது 14 நாடுகள் ஆதரித்தன. அமெரிக்கா வாக்களிக்காமல் ஒதுங்கியது. அப்போதும் கட்டுமானம் நிற்கவில்லை.

6. அங்கீகாரம்

*மூலம்: பகைமை உரிமைகோரல்களும் போர்நிலையும் முடிவுக்கு வருதல், ஒவ்வொரு நாட்டின் இறையாண்மையையும் நில ஒருமைப்பாட்டையும் அரசியல் சுதந்திரத்தையும் ஏற்று மதித்தல், பாதுகாப்பான, அங்கீகரிக்கப்பட்ட எல்லைகளுக்குள் மிரட்டலும் பலப்பிரயோகமும் இன்றி அமைதியாக வாழும் உரிமையை ஏற்றல்.*

எல்லைக்கு இரண்டு அடைமொழிகள். ‘பாதுகாப்பான’ என்பது காவலனின் சொல். ‘அங்கீகரிக்கப்பட்ட’ என்பது அண்டை வீட்டாரின் சொல். அண்டை வீட்டார் ஒப்புக்கொள்ளாத வேலியை இரவும் பகலும் காக்க வேண்டியிருக்கும். ஒப்புக்கொண்ட வேலிக்கு அந்தக் காவல் தேவைப்படாது.

இந்த வரி நடைமுறையில் வென்ற இடம் ஒன்று உண்டு. 1978இல் கேம்ப் டேவிட்டில் எகிப்து அதிபர் சாதாத்தும் இஸ்ரேல் பிரதமர் பெகினும் பேசினார்கள். 1979 மார்ச் 26 அன்று எகிப்தும் இஸ்ரேலும் 242ஐ அடிப்படையாக வைத்து அமைதி உடன்படிக்கை செய்தன. சினாயில் யாமித் என்ற குடியேற்றத்தை இஸ்ரேல் அரசே காலிசெய்தது. 1982 ஏப்ரல் 25க்குள் படைகள் விலகின. செங்கடல் ஓரம் தாபா என்ற சின்னஞ்சிறு கடற்கரை மட்டும் தகராறில் நின்றது. 1906இல் நட்ட எல்லைத் தூண் எங்கே இருந்தது என்பதே வழக்கு. அதற்காக இரு நாடுகளும் துப்பாக்கி எடுக்கவில்லை. நடுவர் மன்றத்துக்குப் போயின. 1988 செப்டம்பரில் தீர்ப்பு எகிப்துக்குச் சாதகமாக வந்தது; அடுத்த ஆண்டு இஸ்ரேல் தாபாவை ஒப்படைத்தது. நான்கு பெரும் போர் செய்த இரு நாடுகள் ஒரு கடற்கரைக்காகச் சட்டத்தின் முன் தலைவணங்கின. நீதியான அமைதி என்பது வெறும் கனவுப் பேச்சு என்று சொல்வோருக்கு நான் காட்டும் சான்று தாபா.

இந்த வரியில் ஒரு குறையும் உண்டு. ‘ஒவ்வொரு நாடும்’ என்கிறது பாடம். நாடு இருப்பவருக்கு எல்லாம் இருக்கிறது: இறையாண்மை, எல்லை, பாதுகாப்பு. நாடு இல்லாதவருக்கு? பாடம் முழுவதையும் தேடினாலும் ‘பாலஸ்தீனர்’ என்ற சொல் கிடைக்காது. பாலஸ்தீன விடுதலை இயக்கம் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இத்தீர்மானத்தை மறுத்ததற்கு இதுவே பெரிய காரணம். 1988 நவம்பரில் அல்ஜியர்ஸில் கூடிய பாலஸ்தீனத் தேசிய மன்றம் 242ஐ ஏற்று, தனி அரசையும் பிரகடனம் செய்தது. சில நாட்களில் இந்தியா அந்த அரசை அங்கீகரித்தது. தன் பெயர் இல்லாத பாடத்தை ஒரு மக்கள்கூட்டம் ஏற்றுக்கொண்டது. அந்த விட்டுக்கொடுப்புக்கு ஈடாக ஒரு நாடு அதற்கு இன்னும் கிடைக்கவில்லை.

7. கடல்வழி

*மூலம்: அப்பகுதியின் பன்னாட்டு நீர்வழிகளில் கப்பல் போக்குவரத்துச் சுதந்திரத்தை உறுதிசெய்வது அவசியம்.*

1967 மே மாதம் எகிப்து அதிபர் நாசர் திரான் நீரிணையை இஸ்ரேலியக் கப்பல்களுக்கு மூடியது போருக்கு முன்னோடியாக அமைந்தது. போருக்குப் பின் சூயஸ் கால்வாய் 1975 ஜூன் வரை எட்டு ஆண்டு மூடிக் கிடந்தது. நம் துறைமுகங்களிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன சரக்கு ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போக நேர்ந்தது. தொலைவில் நடக்கும் போர் யாருக்கும் தொலைவில் இல்லை என்பதற்கு இந்தச் சிறு வரி போதும். எகிப்தோடு அமைதி வந்தபின் இந்தக் கூறு நிறைவேறியது.

8. அகதிகள்

*மூலம்: அகதிகள் பிரச்சினைக்கு நீதியான தீர்வு காண்பது அவசியம்.*

இந்தப் பாடத்தில் ‘நீதியான’ என்ற சொல் மூன்று முறை வருகிறது. இருமுறை அமைதிக்கு அடைமொழியாக. மூன்றாம் முறை இங்கே. நில எல்லைக்கும் கப்பல் வழிக்கும் இட்டுச் சொல்லாத அடைமொழியை அகதிகளுக்கு இட்டுச் சொன்னதைக் கவனிக்க வேண்டும். மனிதர் வரும் இடத்தில் நீதி என்ற சொல்லைச் சபையால் தவிர்க்க முடியவில்லை.

ஆனால் யார் அகதி, எது நீதி என்று வரி சொல்லவில்லை. 1948 போரில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர் வீடிழந்தார்கள். வீடு திரும்பி அண்டை அயலாரோடு அமைதியாக வாழ விரும்புவோரைத் திரும்ப விட வேண்டும், விரும்பாதோருக்கு இழப்பீடு தர வேண்டும் என்று அந்த ஆண்டு டிசம்பரிலேயே பொதுச்சபை 194ஆம் தீர்மானத்தில் கூறியிருந்தது. 1967 போரில் இன்னும் சில லட்சம் பேர் ஜோர்டான் ஆற்றைக் கடந்தார்கள். அவர்களில் பலர் இரண்டாம் முறை அகதியானவர்கள். இன்று ஐ.நா.வின் பாலஸ்தீன அகதிகள் நிவாரண முகமையில் பதிவானவர்கள் சுமார் 59 லட்சம். பல குடும்பங்களில் மூன்றாம், நான்காம் தலைமுறை முகாமிலேயே பிறந்திருக்கிறது.

வரி பொதுவாக இருப்பதால் அரபு நாடுகளிலிருந்து வெளியேற நேர்ந்த யூதர்களின் இழப்பும் இதில் அடங்கும் என்று இஸ்ரேல் சொல்கிறது. பாக்தாதிலும் கெய்ரோவிலும் பல தலைமுறை வாழ்ந்த வீட்டை விட்டு வந்தவர்களின் துயரும் துயர்தான். அதற்கும் ஈடு வேண்டும். ஆனால் ஓர் அகதியின் கணக்கைக் காட்டி இன்னோர் அகதியின் கணக்கை அடிக்கக் கூடாது. பாக்தாத் யூதரின் வீட்டை ஹைஃபாவின் அரபுக் குடும்பம் பறிக்கவில்லை.

இரண்டு தலைமுறை முகாம் வாழ்க்கையை மண்டபத்திலும் இராமேஸ்வரத்திலும் வந்திறங்கிய ஈழத்தமிழரிடம் நாம் நேரில் கண்டிருக்கிறோம். முகாமில் பிறந்த பிள்ளைக்கு ‘பிரச்சினை’ என்ற சொல்லால் தன்னைச் சுட்டுவது எவ்வளவு வலிக்கும் என்று தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

9. படையற்ற பகுதி

*மூலம்: படையற்ற மண்டலங்கள் உள்ளிட்ட ஏற்பாடுகளால் ஒவ்வொரு நாட்டின் நில மீறாமையையும் அரசியல் சுதந்திரத்தையும் உறுதிசெய்வது அவசியம்.*

பாதுகாப்புக்கு நிலத்தை வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதில் படை நிற்காமல் பார்த்துக்கொள்ளலாம் என்பதே இதன் கருத்து. சினாய் மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, எங்கே எவ்வளவு படை என்று வரையறுக்கப்பட்டது. 1982 முதல் ஒரு பன்னாட்டுப் படை அதைக் கண்காணிக்கிறது. அதன்பின் அந்த எல்லையில் இரு நாடுகளும் போரிடவில்லை.

10. தூதர்

*மூலம்: உடன்பாட்டுக்கு உதவச் சிறப்புப் பிரதிநிதி ஒருவரை நியமிக்கவும், முன்னேற்றத்தைக் கூடிய விரைவில் சபைக்குத் தெரிவிக்கவும் பொதுச்செயலாளரைக் கேட்டுக்கொள்கிறது.*

பொதுச்செயலாளர் ஊ தாண்ட் தேர்ந்தெடுத்தவர் ஸ்வீடனின் குன்னார் யாரிங். துருக்கிய மொழிகளில் ஆழ்ந்த புலமை உடையவர்; முன்பு டெல்லியில் தன் நாட்டின் தூதராக இருந்தவர்; 1957இல் காஷ்மீர் குறித்து பாதுகாப்புச் சபைக்கு அறிக்கை தந்தவர். அவர் ஆண்டுக்கணக்கில் தலைநகர்களுக்கிடையே நடையாய் நடந்தார். 1971 பிப்ரவரியில் இரு தரப்பிடமும் நேரடியாகக் கேட்டார். எகிப்திடம்: அமைதி உடன்படிக்கை செய்வீர்களா? இஸ்ரேலிடம்: பழைய எல்லைக்கு விலகுவீர்களா? எகிப்து செய்யத் தயார் என்றது. 1967 ஜூனுக்கு முந்தைய கோட்டுக்கு விலக மாட்டோம் என்றது இஸ்ரேல். இரண்டு ஆண்டு கழித்து அக்டோபர் போர் வந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டபின் சினாய் திரும்பியது. 1971இல் மேசையில் இருந்ததற்கும் 1979இல் கையெழுத்தானதற்கும் இடையில் இருந்தவை அந்தச் சவக்குழிகள்.

யாரிங் தோற்றதற்குக் காரணம் அவருடைய திறமைக்குறைவு அன்று. ‘கூடிய விரைவில்’ என்ற சொல்லில் நாள் இல்லை. விலகாவிட்டால் என்ன, அங்கீகரிக்காவிட்டால் என்ன என்று பாடத்தில் ஒரு வரி இல்லை. குவைத் வழக்கில் நாளும் தண்டனையும் குறித்த அதே சபை, இங்கே இரண்டையும் குறிக்கவில்லை.

தொகுத்துரை

பாடம் எழுதி 57 ஆண்டுக்குப் பிறகு, விடுபட்டவை சில எழுத்தில் வந்தன. 2024 ஜூலை 19 அன்று பன்னாட்டு நீதிமன்றம் தன் கருத்துரையில், பாலஸ்தீனப் பகுதியில் இஸ்ரேலின் தொடர்ந்த இருப்பு சட்டவிரோதமானது என்று 11க்கு 4 என்ற பெரும்பான்மையில் கூறியது. பலத்தால் நிலத்தை அடையக் கூடாது என்ற விதியை இஸ்ரேலின் பாதுகாப்புக் கவலைகள் மீற முடியாது என்றது. தலைவரியைக் கொண்டு ஐயத்தைத் தீர்க்கும் உரைநெறியை நீதிபதிகளும் கைக்கொண்டார்கள் என்றே நான் படிக்கிறேன். அந்த செப்டம்பரில் பொதுச்சபை 124 வாக்குகளால், 12 மாதத்துக்குள் விலக வேண்டும் என்று கேட்டது. 242இல் இல்லாத நாள் அதில் இருந்தது.

இடையில் நடந்தவற்றை நாம் கண்முன் பார்த்தோம். 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். சுமார் 250 பேர் பிணையாகக் கொண்டுபோகப்பட்டார்கள். அது கொடுங்குற்றம். அதன்பின் காசாவில் 2025க்குள் 60,000க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக அங்குள்ள சுகாதார அமைச்சு கணக்கிட்டது. ‘ஒவ்வொரு நாடும் பாதுகாப்பாக வாழ’ என்ற வரியும் ‘நீதியான தீர்வு’ என்ற வரியும் கைவிடப்பட்ட இடத்தில் இரு பக்கத்துப் பிள்ளைகளும் விழுந்தார்கள்.

ஆகவே வாசகருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு தலைவர் ‘நீதியான அமைதி’ என்று சொல்லக் கேட்டால் அந்த அறிக்கையை முழுதாகப் படியுங்கள். எங்கிருந்து விலகுவது என்று முற்றும்மையோடு சொல்லியிருக்கிறதா? யாருடைய துயரோ அவர்களின் பெயர் அதில் இருக்கிறதா? நாள் குறித்திருக்கிறதா? இந்த மூன்றும் இல்லாத அறிக்கை இன்னொரு 57 ஆண்டைத் தின்றுவிடும்.

2024 செப்டம்பர் வாக்கெடுப்பில் இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. அடுத்த ஆண்டு செப்டம்பரில், இரு நாடுகள் தீர்வை ஆதரிக்கும் நியூயார்க் பிரகடனத்துக்கு ஆதரவாக வாக்களித்தது. ஒதுங்கி நிற்பது நம் பழக்கமாகிவிடக் கூடாது. 1967 நவம்பரில் எல்லோரும் எழுதாமல் விட்ட ‘எல்லா’ என்ற சொல்லை இருமுறை சொல்லிப் பதிவுசெய்த நாடு இது. அந்தச் சொல்லை இந்தியா மீண்டும் சொல்ல வேண்டும்.